சுண்ணாம்பு காய்வதற்குள்

அக்டோபர் 12, 2024

39-ஆம் எண் பேருந்து டெலிகிராஃப் குன்றின் உச்சியிலேயே இறக்கிவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம் முழுக்கக் காய்ட் கோபுரத்தின் லிஃப்ட் வரிசையில். மேலே போனால் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா தெரியும். நான் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டேன். நான் பார்க்க வந்தது இங்கே சுவரில் இருக்கிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது.

காய்ட் கோபுரத்தின் உட்சுவர்களை 1934-இல் 26 ஓவியர்கள் தங்கள் உதவியாளர்களோடு வரைந்து நிரப்பினார்கள். பெருமந்தக் காலம், படம் வாங்க ஆளில்லை. அரசாங்கம் அவர்களுக்கு வாரக் கூலி கொடுத்தது.

இன்று பெரும்பாலும் விக்டர் அர்னாட்டோஃப் வரைந்த சுவர் முன்னால்தான் நின்றேன். நெரிசலான நகரத் தெரு. பட்டப்பகலில் ஒருவரைத் துப்பாக்கி முனையில் நிறுத்திப் பணம் பறிக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் அவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள். ஒரு பத்திரிகைக் கடையில் ‘நியூ மாஸஸ்’, ‘டெய்லி வொர்க்கர்’ போன்ற இடதுசாரிப் பத்திரிகைகள் எல்லாம் இருக்கின்றன. ஊரின் பெரிய நாளிதழான ‘கிரானிக்கிள்’ இல்லை. கடைக்குப் பக்கத்தில் கோட்டு போட்டு நிற்பவர் அர்னாட்டோஃபேதான். ரஷ்ய உள்நாட்டுப் போரில் செம்படைக்கு எதிராக, வெண்படையின் குதிரை வீரராக நின்றவர். அப்புறம் மெக்சிகோவில் சுவரோவியர் டியேகோ ரிவேராவுக்கு உதவியாளராக இருந்தார். ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடந்து இந்தச் சுவருக்கு வந்திருக்கிறான்!

அக்டோபர் 13

மறுபடியும் போனேன். இன்று பெர்னார்ட் ஸாக்ஹைம் வரைந்த ‘நூலகம்’. வாசகர்களாக உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அவருடைய சக ஓவியர்கள். ரால்ஃப் ஸ்டாக்போல் கையில் இருக்கும் பேப்பரில், ரிவேராவின் சுவரோவியம் அழிக்கப்பட்ட செய்தி. நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் லெனின் முகத்தை வரைந்தார் என்பதற்காக 1933 மே மாதம் ரிவேராவின் வேலையை நிறுத்தினார்கள். 1934 பிப்ரவரியில் ஓவியத்தையே கொத்திப் போட்டார்கள். அந்தச் சேதி வந்தபோது இங்கே இவர்கள் சாரத்தின் மேல் நின்றிருந்தார்கள். அதே மாதம் இந்தக் கோபுரத்திலேயே கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள்.

இன்னொரு ஓவியர் ஜான் லாங்லி ஹோவர்ட். ஒரு கையில் கசங்கிய பேப்பர்; மறு கை அலமாரியில் இருக்கும் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலுக்கு எட்டுகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை ஃப்ரெஸ்கோ. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், வெறும் தண்ணீரில் குழைத்த நிறமியால் வரைவது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும். காய்வதற்குள் முடித்தாக வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. கழுவினால் போகாது. எடுக்க வேண்டுமென்றால் பூச்சையே கொத்தி எடுக்க வேண்டும்.

அக்டோபர் 16

இரண்டு நாளாக வேலை முடிந்து வந்ததும் இதையேதான் படிக்கிறேன்.

கூலி கொடுத்தது ‘பொதுப்பணிக் கலைத் திட்டம்’. 1933 டிசம்பரில் தொடங்கி 1934 ஜூனோடு முடிந்தது. நாடு முழுக்கச் சுமார் 3,700 கலைஞர்கள், 15,000-க்கும் மேற்பட்ட படைப்புகள். இங்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து ஒரு சங்கமும் வைத்தார்கள்.

கோபுரத்துக்குக் கீழே துறைமுகம். அங்கே தினமும் காலையில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, மேஸ்திரி கைகாட்டியவருக்குத்தான் அன்றைய வேலை. வேலைக்கு ஆள் அனுப்புவது சங்கத்தின் கையில் வர வேண்டும் என்று 1934 மே 9-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 5-இல் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். 16-இலிருந்து 19 வரை ஊரே வேலையை நிறுத்தியது.

குன்றின் மேல் ஓவியங்கள் முடிந்திருந்தன. கிளிஃபோர்ட் வைட் ஒரு ஜன்னலுக்கு மேல் அரிவாள் சுத்தியல் வரைந்திருந்தார். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் நாளிதழ் ஒன்று அந்தச் சின்னத்தை ஸாக்ஹைமின் ‘நூலகத்தின்’ மேலேயே இருப்பதுபோல் ஒட்டிப் படம் போட்டது. அதிகாரிகள் கோபுரத்தைப் பூட்டினார்கள். சங்கம் வாசலில் மறியல் செய்தது. அக்டோபரில்தான் கதவு திறந்தது. வைட்டின் சின்னம் அதற்குள் போய்விட்டது. மற்றவை தப்பின. அது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு ஜன்னலை என்னால் விட முடியவில்லை. அரசாங்கம் கொடுத்த கூலிக்கு உழைப்பை விற்றார்கள், சரி. கருத்தையும் சேர்த்தா விற்றார்கள்?

அக்டோபர் 17

நியூயார்க் ஓவியர்களின் சங்கச் சின்னம்: தூரிகையைப் பிடித்த முஷ்டி. அவர்கள் ‘ஆர்ட் ஃப்ரண்ட்’ என்று ஓர் இதழும் நடத்தினார்கள். அதன் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் டேவிஸ், தான் வரைய வேண்டிய நேரத்தில் பெரும்பகுதியைச் சங்கத்துக்கே கொடுத்தார். 1936 டிசம்பர் 1-இல் ஆட்குறைப்பை எதிர்த்து அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்தார்கள். 219 பேர் கைது. போலீஸ் பெயர் கேட்டபோது பிக்காசோ, செசான் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த இரவில் அப்படிச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்!

அக்டோபர் 20

மூன்றாவது தடவை. முதலில் வைட்டின் நில அளவையாளரையும் எஃகுத் தொழிலாளியையும் பார்த்தேன். இருவரும் ஆளுயரத்துக்கு மேல், இன்னும் கம்பீரமாக நிற்கிறார்கள். ஜன்னலில் வெயில் கண் கூசியது.

அப்புறம் ஹோவர்ட் வரைந்த சுவர். பழைய காரோடு வழியில் தங்கியிருக்கும் ஓர் ஏழைக் குடும்பம். அவர்களை வேடிக்கை பார்க்கும் வசதியான சுற்றுலாக்காரர்கள். இன்னொரு பக்கம் தொழிலாளர் கூட்டம், வெள்ளையரும் கறுப்பரும் தோளோடு தோளாக. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

எனக்குப் பின்னால் லிஃப்ட் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு சிறுமி மட்டும் அம்மாவின் கையை விட்டு வந்து அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்றாள். “இவங்க ஏன் கோபமா இருக்காங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா வரிசையை விட்டு அவள் பக்கத்தில் வந்து நின்று, தானும் நிமிர்ந்து பார்த்தாள்.