செங்குறிஞ்சியும் கல்பாசியும்

11 ஜனவரி 2025, சனி

காலையில் செங்கோட்டையில் பஸ் ஏறி, ஆரியங்காவு கணவாய் தாண்டித் தென்மலையில் இறங்கினேன். அங்கிருந்து ஜீப்பில் செந்துருணி சரணாலயம். 1984இல் இந்தக் காட்டைச் சரணாலயமாக்கியபோது ஒரு மரத்தின் பெயரையே வைத்தார்கள். செங்குறிஞ்சி. அதிலிருந்து வந்ததுதான் செந்துருணி. பல வருஷ ஆசை, இன்றுதான் நேரில் பார்த்தேன்.

அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். மா, முந்திரி குடும்பம்தான். பட்டையில் கை வைக்கப் போனேன். "தொடாதீங்க சார், பால் பட்டா புண்ணாயிடும்" என்றார் கூட வந்த அண்ணன்.

உலகத்திலேயே இந்தக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கத்து மலைகளில் மட்டும்தான் இது இருக்கிறது. நான் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கடந்து வந்த கணவாயை இந்த மரம் கடக்கவே இல்லை. அடியில் கன்று தேடினேன். இரண்டே இரண்டுதான் கண்ணில் பட்டன.

12 ஜனவரி, ஞாயிறு

ஓடைக்கரைப் பாறையில் கல்பாசி. சாம்பல் நிறம், ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, சாம்பல் போய்ப் பச்சை ஏறிவிட்டது! கல்பாசி என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்; உள்ளே இருக்கும் பாசியின் பச்சை அது. வீடு பூஞ்சையுடையது, சமையல் பாசியுடையது. வேர் கிடையாது. பனியும் மழையும்தான் தண்ணீர். காய்ந்தால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும், நனைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். செங்குறிஞ்சிக்கு அது முடியாது. இலை அப்படிக் காய்ந்தால் காய்ந்ததுதான். அதற்கு மண், ஈரம், மேலே நிழல் எல்லாம் வேண்டும்.

கிளம்புமுன் ஒரு கல்பாசித் திட்டின் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

19 ஜனவரி, ஞாயிறு

வயதைப் பற்றியே யோசனை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. அந்தப் பெரிய மரத்துக்கு எத்தனை வயது என்று வெட்டினாலும் சொல்ல முடியாமல் போகலாம். பாறையில் வளரும் லைக்கனோ தன் அகலத்திலேயே வயதை வைத்திருக்கிறது. 1950களில் பெஷல் என்ற ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலையில் இதை அளந்தே, பனியாறு எப்போது பின்வாங்கியது என்று கணக்கிட்டார்.

மதியம் அம்மா கறிக்குழம்புக்குக் கல்பாசி தாளித்தாள். டப்பாவிலிருந்து ஓர் இதழை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நாலு சென்டிமீட்டர். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்றால், இது எத்தனை மழைக்காலம்? மரத்துக்குச் சரணாலயம் இருக்கிறது. இதைச் சுரண்டி எடுத்து, ஐம்பது கிராம் பாக்கெட் போட்டு விற்கிறோம்.

அடுத்த ஜனவரியில் அதே பாறைக்குப் போய், அதே நாணயத்தை வைத்து அளக்க வேண்டும்.