பச்சைப் பெட்டியைக் கறுப்பு என்று பதிந்தார்கள்

விமானத்தில் ஏற்றிய பெட்டி வரவில்லை என்றால், கவுன்ட்டரில் தரும் புகார்த் தாளை வரிவரியாகப் படிக்காமல் அங்கிருந்து நகராதீர்கள். தப்பு இருந்தால் திருத்தித் தரும்வரை நில்லுங்கள்.

சிங்கப்பூரில் அக்கா வீட்டிலிருந்து, வழியில் விமானம் மாறி, அம்மாவோடு மீனம்பாக்கம் வந்து இறங்கினேன். பெல்ட் சுற்றி ஓய்ந்தது. அம்மாவின் பச்சைப் பெட்டியைக் காணோம். புகார் எழுதிய ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கறுப்பு என்று தட்டினார். "பச்சை சார்" என்றேன். "டேக் நம்பர் இருக்கிறதே, அதுவே போதும்" என்று தாளை நீட்டிவிட்டார்.

போதவில்லை. விமானம் மாறிய ஊரில் பெட்டியின் டேக் கிழிந்து போயிருந்தது. டேக்கின் பத்து இலக்கங்களில்தான் விமான நிறுவனத்தின் குறியீடும் பெட்டியின் எண்ணும் இருக்கின்றன. அது போனால் நிறம், வகை, உள்ளே இருக்கும் பொருள் ஆகியவற்றை வைத்துத்தான் தேட முடியும். விமான நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் வேர்ல்ட்டிரேசர் என்ற கணினித் தேடல் முறை, தொலைந்ததாகப் பதிந்த விவரத்தையும் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டிகளின் விவரத்தையும் ஒப்பிட்டுப் பொருத்துகிறது. 1949இல் பதினொரு விமான நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய சீட்டா அமைப்பினுடையது அது. பச்சைக்கு ஜிஎன், கறுப்புக்கு பிகே என்று நிறத்துக்கும் குறியீடு உண்டு. அங்கே ஜிஎன், இங்கே பிகே என்றிருந்தால் எப்படிப் பொருந்தும்?

சென்னை விமான நிலையத்தின் குறியீடான எம்ஏஏ என்று தொடங்கும் புகார் எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் மன்றாடியபோதெல்லாம் "தேடுகிறோம்" என்பதே பதில். கடைசியில் பொறுமையாகக் கேட்ட ஒரு பெண் நிறத்தைத் திருத்தினார். "உள்ளே அடையாளமாக ஏதாவது இருக்கிறதா?" என்றும் கேட்டார். எங்கே போனாலும் அம்மா கையோடு கொண்டுபோகும், மூடி நசுங்கிய பித்தளைக் காபி பில்டரைச் சொன்னேன். மறுநாளே பெட்டி கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அம்மா இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். துணிமணி, ஷாம்பு என்று பொதுவாக எழுதாமல், வேறு யார் பெட்டியிலும் இருக்காத பொருளை எழுதச் சொல்லுங்கள்.

வீடு வந்து சேருவதற்குள் இன்னொரு அலைக்கழிப்பு. எங்கள் வீடு புதுவண்ணாரப்பேட்டை; தாளில் வெறும் வண்ணாரப்பேட்டை. கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் உண்டு, தாளில் ஒன்றுதான். ஓட்டுநர் பழைய வண்ணாரப்பேட்டையில் சுற்றிவிட்டு, கன்டெய்னர் லாரி நெரிசலில் இதற்குமேல் வர முடியாது என்று திரும்பிவிட்டார். "விமான நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது அலுவலகம். வடசென்னை என்றாலே இவர்களுக்கு ஊருக்கு வெளியே என்ற நினைப்பு. தொலைத்தது நீங்கள், கொண்டுவந்து தருவதும் நீங்கள்தான் என்று உறுதியாக நின்றேன். இரவு பெட்டி வாசலுக்கே வந்தது.

வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி தாமதமானால், கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். சேதமென்றால் 7 நாட்கள்தான். அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெட்டியோடு போய்விட்டதால் இங்கே வாங்கினோம். அந்த ரசீதுகளை இணைத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். முதலில் மறுத்தார்கள், விடாமல் கேட்டபின் முழுத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.