அந்த அட்ரோபின் யாருக்காக?

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு மத்தியானம், பருத்திக் காட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். வாயில் எச்சில் வழிகிறது, உடம்பு வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கிறது. "கண்ணு இருட்டிக்கிட்டு வருது டாக்டரம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சிமருந்து கேஸ் எங்கள் கேஷுவாலிட்டிக்குப் புதிதில்லை, உடனே அதற்கான முறிவு மருந்து அட்ரோபின் போட ஆரம்பித்தோம். நான் தலைமாட்டில் நின்று சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும், எனக்கே தலை கனத்து, குமட்டி, விளக்கு வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. சீனியர் சிஸ்டர் ஒருவர்தான் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "முதல்ல அந்தச் சட்டையை வெட்டி எடுங்க டாக்டர், நீங்களும் அட்மிட் ஆகணுமா?" மருந்தில் ஊறிப்போன சட்டை அத்தனை நேரமும் அவர் உடம்பில்தான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவர் பிழைத்து ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். நான் அந்தச் சட்டையை மறக்கவில்லை. அப்புறம் பிஜி படிக்கும்போது ஆர்கனோபாஸ்பேட் என்ற இந்தப் பூச்சிமருந்து வகை விஷம் பற்றி ஒரு செமினார் எடுக்க வேண்டி வந்தது, அதற்காகத் தேடிப் படித்ததில்தான் டோக்கியோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை, ஆபீஸ் போகும் நேரம். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் மூன்று சுரங்க ரயில் தடங்களில் ஐந்து ரயில்களில் ஏறி, செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பைகளில் இருந்தது சாரின், நரம்பைத் தாக்கும் விஷம். அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசேகி நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ரயில்கள் அவை. மொத்தம் 14 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் 25 வருஷம் படுக்கையிலேயே கிடந்து 2020இல் போய்ச் சேர்ந்தவர். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 6,000 பேர்.

செயின்ட் லூக்ஸுக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள், பெரும்பாலானவர்கள் நடந்தும் டாக்ஸியிலும் கிடைத்த வண்டியிலும். வெடிவிபத்து என்றுதான் முதல் தகவல். ஆனால் வந்தவர்களுக்கு அடியும் இல்லை, தீக்காயமும் இல்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான், கண் இருட்டாகத் தெரிகிறது என்று. அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், பருத்திக் காட்டுக்காரரின் குரல் அப்படியே காதில் கேட்டது. அங்கே மருத்துவமனைத் தலைவராக இருந்த ஷிகேஆகி ஹினோஹராவுக்கு அப்போது வயது 83. போர்க்கால டோக்கியோ குண்டுவீச்சில் படுக்க வைக்க இடமில்லாமல் ஆட்கள் செத்ததைக் கண்ணால் பார்த்தவர், அதனாலேயே புதுக் கட்டடம் கட்டும்போது தாழ்வாரத்திலும் தேவாலயத்திலும்கூட ஆக்சிஜன் குழாய் பதிக்கச் சொன்னவர். அன்றைக்கு வெளிநோயாளிப் பிரிவை நிறுத்திவிட்டு, வந்த எல்லோரையும் உள்ளே விடச் சொன்னார். தேவாலயத்தில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். ஆனால் அங்கேயும் முதலில் சட்டையை யாரும் கழற்றவில்லை! காற்றோட்டம் குறைந்த அந்த தேவாலயத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். பிறகு விசாரித்ததில் 472 ஊழியர்களில் 110 பேர் தங்களுக்கும் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்கு ஒன்பது மாதம் முன்னால், 1994 ஜூனில், மட்சுமோட்டோ நகரில் இதே குழு இதே விஷத்தை விட்டு ஏழு பேரைக் கொன்றிருந்தது, எட்டாவது ஆள் 2008இல் இறந்த சுமிகோ கோனோ. அவரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கணவர் யோஷியுகி கோனோவைத்தான் போலீசும் பத்திரிகைகளும் குற்றவாளியாக்கின, வீட்டில் சில ரசாயனங்கள் இருந்தன என்பதற்காக. மனைவி கோமாவில் கிடக்க, அவர் விசாரணைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மட்சுமோட்டோ கேஸ்களைப் பார்த்திருந்த ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர் டிவியில் டோக்கியோ செய்தியைப் பார்த்ததும் தானே செயின்ட் லூக்ஸுக்கு போன் போட்டு, இது சாரின் மாதிரி இருக்கிறது என்றார். போலீஸ் செய்யாததை ஒரு டாக்டரின் போன் செய்தது.

அட்ரோபினோடு சேர்த்துப் போடும் இன்னொரு முறிவு மருந்தான பாம் (PAM) ஊசி தீர்ந்துபோய், நகோயா பக்கமிருந்து புல்லட் ரயிலில் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் அந்த மருந்து கையிருப்பில் இருந்ததே விவசாயிகளுக்காகத்தான், பூச்சிமருந்து விஷத்துக்கு. சாரினும் பூச்சிமருந்தும் ஒரே குடும்பம், இரண்டும் உடம்பில் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடிப் போன ஆராய்ச்சியில்தான் டாபூன் என்ற நரம்பு விஷம் கிடைத்தது, இரண்டு வருஷத்தில் சாரின். ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1993லேயே கையெழுத்துக்கு வந்துவிட்டது, 1997இல் அமலுக்கும் வந்தது. ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது நாடுகள். ஃபூஜி மலையடிவாரத்தில் ஒரு மதக் குழு தொழிற்சாலை கட்டும் என்று யார் நினைத்தார்கள்?

என்னால் இன்றுவரை விழுங்க முடியாத ஒன்று இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவர் இகுவோ ஹயாஷி, இதய அறுவை சிகிச்சை நிபுணர். சியோடா தடத்து ரயிலில் பையைக் குத்தியவர் அவர். அந்தப் பையைக் கசுமிகசேகியில் ரயிலிலிருந்து வெளியே எடுத்துப்போட்டு, தரையில் சிந்தியதைச் சுத்தம் செய்த உதவி நிலைய அதிகாரி கசுமாசா தகாஹாஷியும், சக ஊழியர் ஒருவரும் செத்துப்போனார்கள். கிளம்புவதற்கு முன் கூட்டாளிகளுக்கு அட்ரோபின் நிரப்பிய ஊசிகளைக் கொடுத்து, அறிகுறி தெரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியவரும் இதே ஹயாஷிதான். கெனிச்சி ஹிரோசே என்பவர் இறங்கியபின் உடம்பு ஒரு மாதிரி ஆகி, தொடையில் குத்திக்கொண்டார்.

நாங்கள் அட்ரோபினை எப்படிப் போடுவோம் தெரியுமா? நிமிஷக் கணக்கில் பக்கத்திலேயே நின்று, நாடி பார்த்து, நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துச் சளிச் சத்தம் குறைகிறதா என்று கேட்டு, போதாதென்றால் இன்னும் உடைத்து. ராத்திரி ஸ்டோரில் ஸ்டாக் இல்லையென்றால் பக்கத்து வார்டில் கெஞ்சி வாங்குவோம். அந்த மருந்தை, எதிரில் உட்கார்ந்திருந்த பயணிக்கு என்ன ஆகும் என்று அணு அணுவாகத் தெரிந்த ஒரு டாக்டர், தன் ஆட்களுக்கு மட்டும் எடுத்துவைத்தார். குழுத் தலைவர் ஷோகோ அசஹாரா உட்பட 13 பேரை 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள், அதிலும் ஒரு டாக்டர் உண்டு, வேதியியல் முதுகலை படித்தவர் உண்டு. ஹயாஷி குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஆயுள் தண்டனை. படித்தவர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் அதோடு விட முடியவில்லை. மூளைச்சலவையில் மறந்துபோயிருந்தால் அட்ரோபினையும் அல்லவா மறந்திருக்க வேண்டும்?

இப்போது ஒவ்வொரு பேட்ச் ஹவுஸ் சர்ஜன் வரும்போதும் முதல் நாளே சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கையோடு ஹயாஷியைப் பற்றியும். பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் சொல்கிறீர்கள் என்று ஒரு சக மருத்துவர் கேட்டார். சொல்வதை நான் நிறுத்தவில்லை. போன மாதம் ஒரு பெண், சின்னப் பெண்தான், நைட் டியூட்டியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கேட்டாள்: "மேம், அவருக்கு அப்போ உள்ள ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கும்மா. தயங்கினேன்னு கோர்ட்ல அவரே சொன்னார்."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. நாலாம் பெட்டுக்கு அடுத்த டோஸ் நேரமாகிவிட்டது, இரண்டு பேரும் எழுந்து போனோம்.