இருட்டு மாதங்களை உற்சாகமாகக் கழிக்க ஒரு முயற்சி: ஆம்ஸ்டர்டாமில் அக்டோபர் முதல் மார்ச் வரை

நெதர்லாந்தின் குளிர்காலம் என்றதும் ஊரில் இருப்பவர்கள் பனிப்பொழிவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இங்கே குடியிருப்பவர்களை வாட்டுவது இருட்டும் ஈரமும். ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை 4 டிகிரிக்குச் சற்றே குறைவு. ஒரு நல்ல கம்பளிச் சட்டைக்கு அடங்கிவிடும் குளிர் அது. ஆனால் ஆம்ஸ்டர்டாம் 52 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. நாலரை மணிக்கு அது மறைந்தும் விடுகிறது. நண்பகலில்கூடத் தொடுவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும் அந்தச் சூரியனைப் பார்க்க, மேகமும் தயவு வைத்து விலக வேண்டும்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்த உடனேயே மாலை நேரம் காணாமல் போய்விடும் என்பதால், இம்முறை அதற்கு முன்பே எனக்கொரு விதியை வகுத்துக்கொண்டேன். குளிர்காலம் இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியங்களையே பொழுதுபோக்காக எடுத்துக்கொள்வது என்பது அந்த விதி. பின்னல் வேலை, சதுரங்கம், தொடர்நாடகம் போன்றவை எந்தப் பருவத்திலும் நடக்கும். அவற்றில் இறங்கினால் மார்ச் எப்போது வரும் என்ற காத்திருப்பு மட்டுமே மிஞ்சுகிறது. குளிர் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைக் கையில் எடுத்தவனோ, குளிர் சற்று முன்னதாகவே வந்தால் தேவலை என்று நினைக்கத் தொடங்குகிறான்.

முதலில் தொடங்கியது ஹையசிந்த் என்ற மணமுள்ள பூச்செடியின் வளர்ப்பு. கழுத்து ஒடுங்கி வாய் அகன்ற ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, வாயின்மேல் பூங்கிழங்கை உட்கார வைத்து, மண்ணே இல்லாமல் பூக்க வைப்பது இங்கே பழைய வழக்கம். இதற்கென்றே வெப்பப் பதம் செய்யப்பட்ட கிழங்குகள் இலையுதிர் காலத்தில் தோட்டக் கடைகளில் கிடைக்கின்றன. கிழங்கின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸலேட் படிகங்கள் இருப்பதால் வெறுங்கையால் தொட்டால் நன்றாக அரிக்கும், கையுறை அவசியம். கிழங்கின் அடிப்பாகம் தண்ணீரைத் தொட்டால் அழுகிவிடும் என்பதால் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஈரத்தின் திசையறிந்து வேர் தானே கீழிறங்கும். பிறகு குடுவையை ஏறக்குறைய 9 டிகிரி நிலவும் இருட்டான இடத்தில் பத்து வாரம் போல வைத்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளச் சாமான் அறையில், மிதிவண்டிப் பம்புக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் இடையே, தலையில் கூம்பு வடிவக் காகிதத் தொப்பிகளோடு என் குடுவைகள் வரிசையாக நின்றன. இந்தக் குளிர்ந்த வாரங்களைக் கிழங்குக்குக் கொடுக்காமல் நேரே வெதுவெதுப்பான கூடத்தில் வைத்துவிட்டால் பூத்தண்டு நீள்வதில்லை. பூக்கள் இலைகளுக்கு நடுவே முடங்கி, பாதியிலேயே விரிந்து வாடிவிடும். என் விதிக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறு இருக்க முடியாது.

இடையில் ஒரு செய்தி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த அட்சரேகையில் வெயில் கிடைத்தாலும் தோல் போதிய வைட்டமின் டி தயாரிக்காது. கருநிறத் தோல் உடையவர்கள் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்நாட்டின் சுகாதார ஆலோசனைக் குழுவே பரிந்துரைக்கிறது. தமிழர்கள் இதை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது. எந்தப் பொழுதுபோக்கும் இதற்கு மாற்றாகாது.

நவம்பரின் பெரும்பகுதியைச் சறுக்குத் தளம் எடுத்துக்கொண்டது. நகரின் கிழக்கே உள்ள யாப் ஏடன் தளம் 1961இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் 400 மீட்டர் செயற்கைப் பனிக்கட்டி ஓடுதளம் அதுதான். பனிச்சறுக்கு, மிதிவண்டி ஆகிய இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற யாப் ஏடனின் பெயரைத் தாங்கியிருக்கும் அந்தத் தளம் திறந்தவெளியில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் கூரைக்குள் சறுக்கினால் வானத்தோடு உள்ள உறவு அறுந்துவிடுகிறது. மழை பெய்தால் பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் தேங்கும். விழுந்தால் முழங்கால் முதல் முழங்கை வரை நனையும். அதைப் பொருட்படுத்தாமல் எழுபது வயதுக்காரர்கள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வீசி, மூச்சு வாங்காமல் வட்டமடிக்கிறார்கள்.

சறுக்குக் காலணியை வாடகைக்கு எடுக்கும்போது, நீண்ட அலகு (அடியில் பொருத்திய உலோகத் தகடு) கொண்ட தாழ்ந்த காலணியைத் தவிர்த்து, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் ஹாக்கிக் காலணியைக் கேட்டு வாங்குவது புதியவர்களுக்கு நல்லது. பின்னால் வருபவரின் அலகு கீழே கிடக்கும் விரல்மேல் ஏறலாம் என்பதால் பல தளங்களில் கையுறை கட்டாயம். நடப்பதுபோல் பின்னோக்கி உந்தினால் கால் வழுக்குமே தவிர உடல் நகராது. நாற்காலியில் உட்காரப் போகிறவரைப்போல் முழங்காலை நன்றாக மடக்கி, பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதைவிடக் கடினமானது, தள்ளி முடித்த காலிலிருந்து எடையை முழுவதுமாக விடுவித்து மற்றக் காலின்மேல் ஏற்றுவது. இரண்டு காலிலும் சமமாக நிற்கும் வரை நாம் தளத்தின்மேல் நின்றுகொண்டு மட்டுமே இருக்கிறோம். ஒற்றைக் காலில் நின்று, அலகு பனிக்கட்டியை அறுக்கும் அந்தச் சரசரப்பு ஒரே சீராகக் கேட்கத் தொடங்கிய நாளில்தான் எனக்கு இந்தக் கலை கொஞ்சம் பிடிபட்டது. வெளியே வந்ததும் அலகைத் துணியால் துடைத்து ஈரம் போக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒரே இரவில் துரு பூத்துவிடும். சூடான சாக்லேட்டுக்குக் கடையில் வரிசை நீளமாக இருந்தாலும் அதில் நிற்கத் தயங்க வேண்டாம்.

டிசம்பர் 5ஆம் தேதி மாலை, பரிசு கொண்டுவரும் முதியவராக இங்கே கொண்டாடப்படும் சின்டர்கிளாஸின் பரிசிரவு. சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் பரிசு தருவது என்று முடிவு செய்து, பரிசோடு பெறுபவரைச் செல்லமாகக் கிண்டல் செய்யும் ஒரு கவிதையையும், எழுதியவர் யாரென்று சொல்லாமல் சின்டர்கிளாஸ் பெயராலேயே சேர்த்து வைப்பது முறை. நாம் அடியின் தொடக்கத்தில் எதுகை தேடிப் பழகியவர்கள். இவர்களோ அடியின் முடிவில் ஓசை பொருந்தினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனவே இலக்கணத்தைவிடக் குறும்பில் கவனம் செலுத்தினால் அரைகுறை டச்சு மொழியிலும் கவிதை தேறிவிடுகிறது. சின்டர்கிளாஸின் உதவியாளர்கள் முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொள்ளும் வழக்கம் நீண்ட சர்ச்சைக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஆங்காங்கே கரி தீற்றிய முகமாக மாறியிருக்கிறது. அந்த மாற்றம் வந்திராவிட்டால் இவ்விழாவை நான் என் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டேன். இதே மாதத்தில் கால்வாய்களில் நடக்கும் ஒளித் திருவிழா அழகானதுதான், ஆனால் படகில் உட்கார்ந்து பார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

மனத்துக்கு எதிர்பாராத தெம்பைத் தந்தது சூரியன் மறையும் நேரத்தைத் தினமும் குறித்து வைத்த பழக்கம். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஐ ஒட்டி வந்தாலும், சூரியன் மிக முன்னதாக மறையும் நாள் அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பே கடந்துவிடுகிறது. மிகத் தாமதமாக உதிக்கும் நாளோ ஆண்டின் கடைசியில்தான் வருகிறது. பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து, உண்மையான நண்பகலை இந்த வாரங்களில் நாள்தோறும் சிறிது பின்தள்ளுவதே இதற்குக் காரணம். ஆக, எல்லோரும் இருட்டைக் கண்டு சலித்துக்கொள்ளும் கிறிஸ்துமஸ் வாரத்தில் மாலைகள் ஏற்கெனவே நீளத் தொடங்கியிருக்கும். இதை அலுவலகத்தில் சொன்னபோது டச்சுக்காரர்களே நம்பவில்லை.

ஆண்டின் கடைசி நாளில் உலர்திராட்சை போட்ட ஓலிபோலன் உருண்டைகளை வீட்டிலேயே பொரித்தோம். எண்ணெய் 180 டிகிரியில் இருந்தால் உருண்டை உள்ளும் வேகிறது. சூடு குறைந்தால் எண்ணெயைக் குடிக்கிறது. புத்தாண்டு நண்பகலில் கடலுக்குள் பாயும் வழக்கத்தை ஸ்கெவனிங்கன் கடற்கரையில் வேடிக்கை பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஆயிரக்கணக்கானோர் ஆரஞ்சுத் தொப்பியோடு ஓடி இறங்கி, அதைவிட வேகமாக ஓடி வெளியேறுகிறார்கள். அந்த வீரம் எனக்கு வேண்டியதில்லை.

ஜனவரி பறவைகளின் மாதம். மத்திய ரயில் நிலையத்தின் பின்புறமிருந்து கட்டணமில்லாப் படகில் மிதிவண்டியோடு அக்கரை சேர்ந்து, டர்கர்டாம் வழியாக வாட்டர்லாண்ட் புல்வெளிகளுக்குப் போனால், வடக்கே ஆர்க்டிக் ரஷ்யாவிலிருந்து வந்து தங்கும் வாத்துக்கூட்டங்களைப் பார்க்கலாம். வெண்முகமும் கருங்கழுத்தும் கொண்ட பார்னக்கிள் வாத்துகள் நாய்க்குட்டிகள் குரைப்பதுபோல் ஓயாமல் சத்தமிடுகின்றன. எதிர்க்காற்றில் மிதிப்பது கடினம் என்பதால் போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வருமாறு பாதையை அமைத்துக்கொள்வது உசிதம். மழைக்காற்சட்டை இல்லாமல் கிளம்பவே கூடாது. ஜனவரி கடைசி வாரத்தில் நாடு முழுவதும் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில், பால்கனியில் உட்கார்ந்து அரை மணி நேரம் எண்ணித் தெரிவித்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். சிட்டுக்குருவிக்கும் பட்டாணிக்குருவிக்கும் தொங்கவிட்ட நிலக்கடலைக் கூண்டை, நம்மூர்த் தோப்புகளில் கீச்சிடும் அதே செந்தார்ப் பைங்கிளிகள் வந்து முற்றுகையிட்டுவிட்டன. கூண்டுகளிலிருந்து தப்பிய கிளிகளின் வழித்தோன்றல்களாக இவை ஆம்ஸ்டர்டாம் பூங்காக்களில் பெருகியிருக்கின்றன. குளிரைப் பற்றிய புகார் அவற்றிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படி நனைந்து திரும்பிய மாலைகளில் ஸ்நெர்ட் எனப்படும் பட்டாணிச் சூப்பைச் சமைத்தேன். உடைத்த பச்சைப் பட்டாணியை ஊற வைக்க வேண்டியதில்லை. கரையும்வரை கொதிக்கவிட்டு, செலரிக் கிழங்கு, லீக்ஸ், காரட், உருளைக்கிழங்கு சேர்த்து அடிபிடிக்காமல் கிளற வேண்டும். வழக்கமாகப் போடும் புகையூட்டிய தொத்திறைச்சியை விட்டுவிட்டு, மிளகைக் கூட்டிக்கொண்டேன். மறுநாள் கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்கு அது இறுகியிருக்கும். அப்போதுதான் சுவை முழுமையடைகிறது என்பதில் டச்சுக்காரர்களோடு நானும் உடன்படுகிறேன்.

ஹையசிந்த் முளைகள் விரல் நீளம் வளர்ந்து, கிழங்கின் கழுத்துக்கு மேலே மொட்டு தடவினால் தட்டுப்படத் தொடங்கியதும், தொப்பியோடு கூடத்துக்குக் கொண்டுவந்தேன். முளை தொப்பியைத் தானே மேலே தூக்கிய பிறகே அதை எடுக்க வேண்டும். பூத்தபோது மணம் எவ்வளவு கனமாக இருந்ததென்றால், இரவில் குடுவைகளைத் தாழ்வாரத்தில் வைக்க நேர்ந்தது.

பிப்ரவரி முழுவதும் வானிலை அறிக்கையில் உறைபனியைத் தேடினேன். நாட்டின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் பதினொரு நகரங்களை இணைக்கும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கோட்டம் 1909 முதல் பதினைந்து முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4 அன்று. வழி நெடுகிலும் பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதன்பின் நிறைவேறவே இல்லை. 2021 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களில்கூட மக்கள் சறுக்கினார்கள். இம்முறை வயல் ஓடைகளின் ஓரத்தில் கல்லெறிந்தால் உடையும் மெல்லிய ஏடு மட்டுமே படிந்தது.

மார்ச் நடுவில் சறுக்குத் தளம் பருவத்தை முடித்துக்கொண்டது. நேர்ப்பாதையில் இப்போது தடுமாறுவதில்லை. வளைவில் வலக்காலை இடக்காலுக்குக் குறுக்கே வைத்துத் திரும்புவது மட்டும் கைவரவில்லை. அதற்காகப் பழைய சாமான் கடையில் சொந்தமாக ஒரு சோடிக் காலணி வாங்கி, அலகைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன். பூத்து ஓய்ந்த கிழங்குகள் தொட்டி மண்ணுக்குப் போய்விட்டதால் செப்டம்பரில் புதிதாக வாங்க வேண்டும். நாட்டின் கிழக்கே ட்வென்டே பகுதியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி ஜனவரி 6 வரை ஊதப்படும் நடுக்குளிர்கால மரக்கொம்பைக் கேட்க, வரும் டிசம்பரில் ஒரு வார இறுதியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.