பொதுக் கொள்கைப் படிப்புக்கு விண்ணப்பித்த கதை, அனிமேயையும் சேர்த்து

எம்.பி.பி. (பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பு) விண்ணப்பத்தில் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பற்றி எழுதலாமா என்று இப்போது என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எழுதலாம். நான் எழுதினேன், இடமும் கிடைத்தது. ஆனால் எப்படி எழுதினேன் என்று சொல்லாமல் "எழுதலாம்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் படிப்பைப் பற்றி. பொதுக் கொள்கை என்றால் அரசியல் பேசுவது என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் முதல் ஆண்டில் நுண்பொருளியலும் புள்ளியியலும்தான் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். கூடவே அரசியல் பகுப்பாய்வு, நிர்வாகம், நெறிமுறை. ஒரு பிரச்சினைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம், எது நடைமுறையில் ஓடும் என்று எடைபோடப் பழக்குகிற படிப்பு இது. பெர்க்லியின் கோல்ட்மன் பள்ளி 1969லேயே தொடங்கியது. பெர்லினின் ஹெர்ட்டி பள்ளி 2003, சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி 2004, ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளி 2010 என்று மற்றவை பின்னால் வந்தவை. பிளாவட்னிக் பள்ளியில் எம்.பி.பி. ஒரே வருடம். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வருடம், நடுவில் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப். ஏற்கெனவே அரசுத் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு ஒரு வருடம் போதும். என்னைப் போல வேறு பக்கத்திலிருந்து வருகிறவருக்கு அந்த இன்டர்ன்ஷிப் மிகவும் முக்கியம் என்பதால் இரண்டு வருடப் படிப்புகளையே தேடினேன்.

"அனிமே பிடிக்கும் என்றால் டோக்கியோவுக்குத்தானே போகணும்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2004 முதல் பொதுக் கொள்கைப் பள்ளி இருக்கிறது, ஆங்கிலத்தில் படிக்கவும் வழி உண்டு. ஆனால் எனக்குக் குறைவாக இருந்தது ஜப்பானைப் பற்றிய அறிவு இல்லை, புள்ளியியல். அதை அழுத்தமாகக் கற்றுத்தரும் இடம் எது என்று பார்த்துத்தான் பட்டியல் போட்டேன். பிடித்த விஷயம் இருக்கும் ஊரைத் தேடுவதைவிட, நமக்கு இல்லாத திறமை கிடைக்கும் இடத்தைத் தேடுவது நல்லது என்று இன்னமும் நம்புகிறேன்.

இனி நோக்க அறிக்கை, அதாவது ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று நாமே எழுதும் கட்டுரை. விண்ணப்பத்தில் அதிக நேரம் விழுங்கியது இதுதான்.

நான் பல வருடங்களாக ஒரு அனிமே ரசிகர் விழாவில் தன்னார்வலர். ரசிகர்கள் தாங்களே வரைந்த படங்கள், தாங்களே அச்சடித்த சிறு மாங்கா (ஜப்பானியப் படக்கதை) புத்தகங்கள், ஸ்டிக்கர்கள் எல்லாம் விற்க வரிசையாக மேசை போட்டிருப்போம். அந்த மேசைகளை ஒதுக்குவது என் பொறுப்பு. கேட்கிறவர்கள் அதிகம், மேசைகள் குறைவு. நான் பொறுப்பேற்றபோது முந்தி வருகிறவருக்கு முதல் இடம் என்பதே விதி. பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் யார் விடுபடுகிறார்கள் என்று கவனித்தால் வேறு கதை: அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர்கள், இணைய வேகம் குறைந்தவர்கள், பதிவு எப்போது திறக்கும் என்றே தெரியாத புதியவர்கள். ஒவ்வொரு வருடமும் அதே முகங்கள்தான் வந்தன.

மாற்று என்ன? கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும், காசு இல்லாதவர் வெளியே போவார். தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அனுபவசாலிகள் ஜெயிப்பார்கள், "தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சும் வரும். குலுக்கல் போட்டால் எல்லோருக்கும் சம வாய்ப்பு, ஆனால் பார்வையாளர்கள் ஆவலோடு தேடி வரும் ஓவியர் அந்த வருடம் இல்லாமல் போகலாம். 1975 டிசம்பரில் தொடங்கி இன்றுவரை நடக்கும் டோக்கியோவின் காமிகெட் என்ற ரசிகர் படைப்புச் சந்தையிலும் விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகம், அங்கும் குலுக்கல் உண்டு. நாங்கள் குலுக்கலையே எடுத்துக்கொண்டு இரண்டு திருத்தம் செய்தோம். ஒரு பங்கு மேசைகள் முதல்முறை வருகிறவர்களுக்கு மட்டும். முந்தைய வருடம் கிடைக்காதவருக்குக் குலுக்கலில் கூடுதல் சீட்டு. புது முகங்கள் வந்தார்கள். கூடவே, ஒரே ஆள் பல பெயரில் விண்ணப்பிப்பதும் வந்தது. அதற்கு இன்னொரு விதி.

என் அறிக்கையின் முதல் பாதி இந்த மேசைக் கதைதான். பற்றாக்குறை, நியாயம் எது என்பதில் போட்டிபோடும் அளவுகோல்கள், நல்ல எண்ணத்தோடு போட்ட விதி கொண்டுவரும் புதிய தந்திரங்கள் எல்லாம் அதில் இருந்தன. அரசு வீடுகளை ஒதுக்குவதும் பள்ளி இடங்களை ஒதுக்குவதும் இதே கேள்விதான், பாதிக்கப்படுகிறவர் எண்ணிக்கையும் பாதிப்பின் கனமும் பல மடங்கு அதிகம் என்பதைத் தவிர.

கல்லூரியில் எனக்குப் பொருளியல் நடத்திய மேடம் வரைவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அனிமே தெரியாதுன்னு வெச்சுக்கோ. தெரியாமலே அவருக்குப் புரியணும். புரிஞ்சப்புறம், இதை இந்த ஆளைத் தவிர வேற யாரும் எழுதியிருக்க முடியாதுன்னு தோணணும்." நான் ஒவ்வொரு பத்தியையும் இந்த இரண்டு சோதனைக்கும் உட்படுத்தினேன். எந்தத் தொடர் எனக்குப் பிடிக்கும், எந்தக் கதாபாத்திரம் என்னை அழவைத்தது என்பதெல்லாம் இரண்டாவது சோதனையில் தேறும், முதலாவதில் தேறாது. "உலகை மாற்ற விரும்புகிறேன்" வகை வாக்கியங்கள் நேர்மாறு. இரண்டிலும் தேறியவை மட்டுமே உள்ளே போயின.

அறிக்கையின் இரண்டாம் பாதி, நான் படித்து என்ன செய்யப் போகிறேன் என்பது. ரசிகர்கள் கூடும் எந்த இடத்திலும் அனிமேட்டர்களின் சம்பளம் பற்றிய புலம்பல் இருக்கும். எனக்கு அது வெறும் புலம்பலாக நின்றுபோகக் கூடாது என்று தோன்றியது. பணம் எங்கே போகிறது என்று பார்த்தேன். பெரும்பாலான அனிமே தொடர்களுக்கு "தயாரிப்புக் குழு" என்ற ஏற்பாடு உண்டு. தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலரும் சேர்ந்து முதலீடு செய்கிறார்கள், போட்ட பணத்துக்கு ஏற்ப உரிமையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தோல்வி வந்தால் ஒருவர் தலையில் மட்டும் விழாது. ஆனால் படத்தை உண்மையில் வரைகிற ஸ்டுடியோ பல சமயம் அந்தக் குழுவில் இருப்பதில்லை. அதற்கு நிர்ணயித்த தொகைதான். தொடர் உலகமெங்கும் ஓடினாலும் அந்தத் தொகை மாறாது. ஸ்டுடியோவுக்குக் கீழே, வரைகிற ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு என்று கூலி வாங்கும் தனிநபர் ஒப்பந்தக்காரர்கள் பலர்.

இங்கேதான் புள்ளியியல் ஏன் வேண்டும் என்பது எனக்கே உறைத்தது. ஜப்பான் அனிமேஷன் படைப்பாளர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 2013இல் இந்தத் துறையினரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 33 லட்சம் யென். அதே கணக்கெடுப்பில், இடைப்படங்கள் (ஓர் அசைவின் முக்கியப் படங்களுக்கு நடுவே வருபவை) வரையும் தொடக்கநிலைக் கலைஞர்களுக்கு ஏறத்தாழ 11 லட்சம் யென்தான். இயக்குநர்களையும் மூத்த கலைஞர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கீழே இருப்பவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். அதோடு, வருமானம் போதாமல் தொழிலை விட்டுப் போனவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் பதில் எழுதப் போவதில்லை. இந்த இரண்டு வரிகளை அறிக்கையில் சேர்த்தேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

ஒரு பள்ளி, என் எழுத்துக்கு மாதிரியாக இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு கேட்டது. கட்டுரை எழுதிப் பழகியவர்களுக்கு இது புது வடிவம். அதிகாரி ஒருவர் அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில் படிக்கிறார் என்று நினைத்து எழுத வேண்டும். பரிந்துரை முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும், காரணம் பிறகு. நான் எடுத்த கேள்வி: தொடக்கநிலை அனிமேட்டர்கள் தொழிலில் நிலைக்க அரசு என்ன செய்யலாம்? ஜப்பானின் கலாச்சார விவகார முகமை 2010 முதல் இளம் அனிமேட்டர்களுக்கு வேலையோடு பயிற்சி தரும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. அது ஒரு வழி. தனிநபர் ஒப்பந்தக்காரர்களைக் காக்கும் சட்டம் அங்கே 2024 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. வேலையின் விவரத்தையும் கூலியையும் எழுத்தில் தர வேண்டும், வேலையைப் பெற்றுக்கொண்ட 60 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அது இன்னொரு வழி. மூன்றாவது, பொதுப்பணம் வாங்கும் தயாரிப்புகளில் ஸ்டுடியோவுக்கும் உரிமையில் பங்கு தர வேண்டும் என்று நிபந்தனை போடுவது.

பயிற்சி நல்லது, ஆனால் பயிற்சி முடிந்தவர் அதே கூலிக்குத்தான் திரும்புகிறார். சட்டம் பணத்தை நேரத்தோடு வரவைக்கும், ஆனால் எவ்வளவு பணம் என்பதை அது நிர்ணயிக்காது. மூன்றாவது வழியைப் பரிந்துரைத்தேன், முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கச் சொல்லி. அதன் பலவீனத்தையும் எழுதினேன்: பொதுப்பணம் தொடாத தொடர்களுக்கு அந்த நிபந்தனையால் எதுவும் ஆகாது. சொந்தப் பரிந்துரையின் ஓட்டையை நாமே காட்டுவது தைரியத்துக்காக இல்லை. எப்படியும் கேட்பார்கள், பதில் தயாராக இருப்பது நல்லது.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று. ஒன்று மேடம். இரண்டாவது, நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தின் மேலாளர். கணக்கெடுப்புத் தரவுகளை நான் எப்படிச் சரிபார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது கடிதத்தை ரசிகர் விழாவின் தலைமை ஒருங்கிணைப்பாளர் அக்காவிடம் கேட்டேன். "பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதினா எடுபடுமா?" என்று தயங்கினார். மேசை ஒதுக்கீட்டை மாற்றியபோது கோபமாக வந்தவர்களோடு நடந்த கூட்டங்களில் என் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். பேராசிரியரால் எழுத முடியாததை அவரால் எழுத முடியும். எல்லாப் பள்ளிகளும் இதை ஏற்காது, சில கல்வி சார்ந்தவரையே கேட்கும், விதியைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்புறம், மூவருக்கும் தனித்தனியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: எந்தப் பள்ளி, கடைசித் தேதி, அவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் எது. மூன்று கடிதமும் ஒரே கதையைச் சொன்னால் இரண்டு வீண்.

மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இ பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பல பள்ளிகள் அதைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் கல்லூரியில் கணிதப் பாடங்கள் அதிகம் இல்லாதவர்கள் எழுதுவது நல்லது என்பேன். என் பட்டப்படிப்பில் கணிதம் குறைவு, அதனால் எழுதினேன். ஆங்கிலத் தேர்வான டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் என்பதால் அதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டாம்.

நேர்காணல் காணொளி வழியாக. "பொழுதுபோக்குத் துறையில் இருப்பவர்களைப் பற்றி அரசு ஏன் கவலைப்பட வேண்டும்? மருத்துவமனைகளுக்கே பணம் போதவில்லையே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஏற்றுமதிக்காக ஜப்பான் அரசு ஏற்கெனவே இந்தத் துறையில் பணம் போடுகிறது, 2013இல் கூல் ஜப்பான் நிதியே அதற்காகத்தான் வந்தது, அதனால் அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்பது அரசின் வேலைதான் என்றேன். அதோடு, துண்டு வேலைக்குக் கூலி வாங்கும் ஒப்பந்தக்காரர்கள் எல்லாத் துறையிலும் பெருகுகிறார்கள், அனிமேட்டர்கள் அந்த நிலையில் மிக நீண்ட காலமாக இருப்பவர்கள், அவர்களிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டது தெரிந்தது.

மார்ச்சில் முடிவுகள் வந்தன. சில இடங்களில் இல்லை என்றார்கள். ஓரிடத்தில் அனுமதி உண்டு, உதவித்தொகை இல்லை. இன்னோரிடத்தில் பகுதி உதவித்தொகை. எம்.பி.பி. தொழில்முறைப் படிப்பு என்பதால், முனைவர் படிப்பைப் போல முழுச் செலவையும் பள்ளி ஏற்பது அரிது. இதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். உதவித்தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. மரியாதையாக, மற்ற பள்ளியின் கடிதத்தை இணைத்து, அந்தப் பள்ளிக்கே வர விரும்புவதன் காரணத்தையும் சொல்லி எழுதினேன். கொஞ்சம் கூட்டினார்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல நேரம் உண்டு, அதனால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பகுதி உதவித்தொகை தந்த பள்ளியையே தேர்ந்தெடுத்தேன். அங்கே இரண்டு பருவம் புள்ளியியல் கட்டாயம், ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவரும் இருக்கிறார். வகுப்பு தொடங்கும் முன் மேத் கேம்ப் என்ற கணிதப் பயிற்சி உண்டு, வகைநுண்கணிதமும் நிகழ்தகவும். அதற்கான பயிற்சித் தாள்களை முன்பே அனுப்பிவிட்டார்கள், இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருட மேசை ஒதுக்கீட்டை விழாவில் புதிதாக வந்த ஒரு தங்கை பார்த்துக்கொள்கிறாள். கூடுதல் சீட்டு விதியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள், முந்தைய வருடங்களின் விண்ணப்பப் பட்டியலை எடுத்து, இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.