செல்லம் கொடுத்தால் செத்துப்போகும் ஆரஞ்சுப் பூ

அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஜூன் கடைசியில் ப்ரெய்ரி புல்வெளியில் முழங்கால் உயரத்துக்குப் பளீரென்று ஒரு ஆரஞ்சுப் பூங்கொத்து தெரிந்தால், அது பெரும்பாலும் பட்டர்ஃபிளை மில்க்வீட்தான். தாவரவியல் பெயர் அஸ்கிளேபியஸ் ட்யூபரோசா. நம் ஊர் எருக்குக்குப் பங்காளி. வேர் பிடித்துவிட்டால் பல வருடம் நிற்கும். பிடிக்கும் வரைதான் பாடு.

சந்தேகமாக இருந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். எருக்கு மாதிரி பால் வடியாது. தண்ணீரைப் போன்ற சாறு கசியும். மற்ற மில்க்வீட்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முதல் அடையாளம் அதுதான். (கிள்ளிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். செடி முழுக்க நஞ்சு.) தண்டெல்லாம் ரோமம். ஈட்டி வடிவக் குறுகிய இலைகள் எதிரெதிரே இல்லாமல் மாறி மாறி நெருக்கமாக ஏறும். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் ஐந்து இதழ்கள் கீழே மடங்கியிருக்கும். மேலே ஐந்து குழிந்த மடல்கள் நிமிர்ந்து நிற்க, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னக் கொம்பு எட்டிப்பார்க்கும். மகரந்தம் தூளாக உதிராது, ஜோடிப் பொட்டலமாக இருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் பக்கவாட்டுப் பிளவில் மாட்டி, பொட்டலத்தை இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

நர்சரியில் வாங்கும்போது லேபிளை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு இதழ், நடுவில் மஞ்சள், வழவழப்பான இலைகள் ஜோடியாக எதிரெதிரே, கிள்ளினால் பால் என்றால் அது வெப்பமண்டல மில்க்வீட், அஸ்கிளேபியஸ் குராசாவிகா. ப்ரெய்ரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற குளிர் குறைந்த இடங்களில் அது குளிர்காலத்திலும் காயாமல் நிற்பதால், மோனார்க் பட்டாம்பூச்சியைத் தாக்கும் ஓ.ஈ. (Ophryocystis elektroscirrha) என்ற ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகிறது. பூச்சிமருந்து போட்டு வளர்த்த செடியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இலையைத் தின்னும் மோனார்க் புழு செத்துவிடும்.

இடம்தான் முக்கால்வாசி வேலை. நாள் முழுக்க வெயில், தண்ணீர் தேங்காத மண். ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கியே கிடந்தால் அங்கே வைக்க வேண்டாம், குளிர்கால ஈரத்தில் வேர் அழுகிவிடும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்து சமாளிக்கப் பார்த்தால் செங்கல் மாதிரி இறுகும். மேட்டுப்பாத்தியோ சரிவோ மேல். உரம் கூடவே கூடாது. கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

விதைக்குக் குளிர் காட்டியாக வேண்டும். ஈர மணலோடு கலந்து ஜிப்லாக் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 30 நாள் வையுங்கள். மணலைப் பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சணம் வரும். உறைபனி நின்றபின், சிகாகோ பக்கம் என்றால் மே நடுவில், கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இதெல்லாம் தொல்லை என்றால் நவம்பரில் நேராகப் பாத்தியிலேயே தூவிவிடலாம், மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். தொட்டியில் முளைக்க வைப்பவர்கள் ஆழமான தொட்டியாக எடுக்கவும். ஆணிவேர் சீக்கிரமே அடியைத் தொடும். செடிக்குச் செடி ஒன்றரை அடி.

முதல் வருடம் மேலே சில அங்குலம்தான் தெரியும், வளர்ச்சியெல்லாம் வேரில். அந்த வருடம் மட்டும் மழையில்லாத வாரங்களில் தண்ணீர் விடுங்கள். பூ பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருடத்தில். வளர்ந்த செடியைத் தோண்டி இடம் மாற்றினால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் போய்விடும். வசந்தத்தில் மற்றதெல்லாம் துளிர்த்த பிறகு, மே பாதிக்கு மேல்தான் இது தலைகாட்டும். செத்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியைப் போடுகிறவர்கள் நிறைய. பழைய தண்டை வெட்டாமல் விட்டால் அதுவே அடையாளம்.

தண்டில் மஞ்சள் அசுவினி அப்பும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும், மருந்து வேண்டாம். மோனார்க் முட்டையும் அதே செடியில்தான் இருக்கும்.

ஒற்றைச் செடி வைத்தால் பூக்கும், ஆனால் காய் பிடிப்பது அரிது. விதையிலிருந்து வந்த வேறு செடியின் மகரந்தம் தேவை. நிமிர்ந்து நிற்கும் காயை இலையுதிர் காலத்தில் லேசாக அழுத்துங்கள். வெடித்து, உள்ளே விதை பழுப்பாக இருந்தால் பஞ்சு பறப்பதற்குள் எடுத்துவிடலாம். வெளிறியிருந்தால் மிச்சக் காய்களை இன்னும் சில நாள் விட்டுவையுங்கள்.