சிசேரியன் ஏன் இவ்வளவு பெருகியது?

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியனின் பங்கு, 2015-16இல் நடந்த நான்காவது தேசிய குடும்ப நல ஆய்வில் 34.1 சதவீதமாக இருந்து, 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் 44.9 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆய்வின்படி இந்திய அளவில் இது 21.5 சதவீதம்தான். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் என்ற இடைவெளிதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது.

கட்டணம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பழியை மருத்துவர்கள் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. பல மணி நேரம் நீளும் வலியின்போது தாயின் அருகிலேயே இருக்கப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் போதிய அளவில் இல்லாத இடத்தில், குழந்தையின் இதயத்துடிப்பில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அறுவை சிகிச்சையே பாதுகாப்பான வழியாகத் தோன்றிவிடுகிறது. நாள், நட்சத்திரம் பார்த்துத் தேதி கேட்கும் குடும்பங்களும் உண்டு. முதல் பிரசவம் சிசேரியன் என்றால், தகுந்த கண்காணிப்பு இருந்தால் பல பெண்களுக்குச் சுகப்பிரசவம் சாத்தியம் என்றபோதும், அடுத்ததும் பெரும்பாலும் அப்படியே முடிகிறது. ஒவ்வொரு அறுவைக்குப் பின்னும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு கடும் இரத்தப்போக்கை ஏற்படுத்தும் அபாயம் கூடுகிறது.

தேவைப்படும்போது இந்த அறுவை சிகிச்சை உயிர் காக்கிறது. ஆயினும் மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்தைத் தாண்டிய பின் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்தது. பிரசவிக்கும் பெண்களை முந்தைய பிரசவம், குழந்தையின் நிலை போன்றவற்றின்படி பத்துப் பிரிவுகளாக வகைப்படுத்தி, ஒவ்வொரு பிரிவின் சிசேரியன் விகிதத்தையும் ஒப்பிடும் ராப்சன் முறையையும் அப்போது அது பரிந்துரைத்தது. அந்தக் கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.